மறு: 'பியூஸ் போய்ட்டு' – எழுத்தில் என்ன வினை வைப்பது?

அன்பின் நண்பர்களுக்கு,

கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு நாம் எழுதும் கையேட்டின் கார் உள்விளக்குப் பகுதிக்கான சொற்பட்டியலில் மற்றதெல்லாம் அனேகமாக முடிந்துவிட்டது. உள்விளக்கு, கதவு ஆளி (சுவிச்), உருகிப் பெட்டி, சோதனை விளக்கு ஆகியவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இழுபடுவது ஒன்றுதான். பியூஸ், அதாவது உருகி, போய்விட்டால் அதைக் கையேட்டில் எப்படி எழுதுவது? 'எரிந்த உருகி', 'செயலிழந்த உருகி', 'உருகிய உருகி' என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. நான் நாலாவதாக ஒன்று வைக்கிறேன்: 'அறுந்த உருகி'. வினையாகச் சொன்னால் 'உருகி அறுந்தது'.

முதலில் 'எரிந்த' பற்றி. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை எந்தக் கராஜில் கேட்டாலும் 'பியூஸ் எரிஞ்சிட்டு' என்பார்கள், ஆகவே அதையே வைப்போம் என்று அக்கரைப்பற்று நண்பர் எழுதியிருந்தார். பேச்சில் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. வேலை பழகும் பிள்ளைக்கு எழுதும் கையேட்டில் வேண்டாம் என்பேன். 'எரிந்தது' என்றதும் உருகிதான் பழுது என்று மனம் போய்விடும். பழுதானதை மாற்றினால் சரி, கொஞ்சம் பலமானதாகப் போட்டால் இன்னும் நல்லது என்று அடுத்த எண்ணம் வரும். 10 அம்பியர் சிவப்பு உருகி இருந்த இடத்தில் 20 அம்பியர் மஞ்சள் உருகி ஏறுவது இப்படித்தான். அதற்குப் பிறகு உண்மையாகவே எரியப்போவது கூரைத் துணிக்குள் ஓடும் வயர்.

ஒரு கணக்குப் பாருங்கள். கூரை விளக்கின் சாதாரண பல்ப் பெரும்பாலும் 5 வாட். 12 வோல்ட்டில் அது இழுப்பது அரை அம்பியர்கூட இல்லை. பின்கதவு விளக்கையும் கண்ணாடி விளக்கையும் சேர்த்தாலும் 10 அம்பியர் உருகிக்கு அது ஒரு சுமையே அல்ல. அப்படியிருக்க உருகி போகிறது என்றால், பல்புக்குப் போய்ச் சேருமுன் மின்சாரம் எங்கோ பொடியில், அதாவது காரின் உலோக உடலில், தொடுகிறது. தேட வேண்டியது அந்த இடத்தை. நாம் வைக்கும் சொல் பிள்ளையை அந்தத் தேடலுக்கு அனுப்ப வேண்டும்.

'செயலிழந்த உருகி' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் தலைகீழ். உருகியை அங்கே வைத்ததே இப்படியொரு நேரத்தில் துண்டாவதற்காக. அது தன் செயலைச் செய்து முடித்திருக்கிறது.

'உருகிய உருகி' பிழையல்ல, வாய்விட்டு வாசிக்கத்தான் முடியாது. 'உருகிய உருகியை உருகிப் பெட்டியிலிருந்து கழற்றவும்' என்று ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

இனி 'அறுந்த'. ஓர் உருகியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு கால்களையும் இணைக்கும் மெல்லிய தகடு பிளாஸ்டிக்கினூடாகத் தெரியும். போன உருகியில் அந்தத் தகடு நடுவில் துண்டாகியிருக்கும். கண் காண்பதை அப்படியே சொல்கிறது 'அறுந்த'. அதிலும் இரண்டு விதம் உண்டு. சுமை கொஞ்சம் கூடி மெல்லப் போனதென்றால் பெரும்பாலும் சின்ன இடைவெளி மட்டும் இருக்கும், பிளாஸ்டிக் தெளிவாகவே இருக்கும். வயர் நேரடியாகப் பொடியில் தொட்டுக் குறுஞ்சுற்று ஆனதென்றால் உலோகம் தெறித்து உட்புறம் கறுத்திருக்கும். 'சுமையால் அறுந்தது', 'குறுஞ்சுற்றால் அறுந்தது' என்று இரண்டையும் பிரித்து எழுத இந்த வினை இடம் கொடுக்கிறது. 'எரிந்தது' என்று வைத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 'உருகி அறுந்தது' என்பதில் 'உருகி'யை எழுவாயாக எடுத்தாலும் சரி, வினையெச்சமாக எடுத்தாலும் சரி, பொருள் உண்மையாகவே நிற்கிறது. அந்தப் பொருள் அறுந்தது. அது உருகித்தான் அறுந்தது.

வயரும் அறும், இரண்டும் குழம்பாதா என்று கல்முனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. குழம்பாது. 'வயர் அறுந்தது', 'பல்ப் இழை அறுந்தது', 'உருகி அறுந்தது' மூன்றிலும் நடப்பது ஒன்றே, மின்சாரம் போகும் பாதை துண்டாகிறது. எது துண்டானது என்பதை முன்னால் நிற்கும் பெயர் சொல்லிவிடும். 'உருகி' யாருக்கும் புரியாது, 'பியூஸ்' என்றே விடுங்கள் என்பவர்களுக்கும் இதே வினை பொருந்தும். எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் 'உருகி' இருக்கிறது, ஆகவே அதை எழுதவே நான் விரும்புவேன். ஆனாலும் 'பியூஸ் அறுந்தது' என்று எழுதினால் சண்டைக்கு வரமாட்டேன். பெயரைவிட எனக்கு வினைதான் முக்கியம்.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"கூரை விளக்கோடு மணிக்கூடும் நின்றிருந்தால் முதலில் உருகியைப் பாருங்கள்; பல கார்களில் இரண்டுக்கும் ஒரே உருகி. அதைக் கழற்றாமலே சோதிக்கலாம். முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் சோதனை விளக்கால் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் உருகி நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் உருகி அறுந்துவிட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் மின்சாரம் அதுவரை வரவே இல்லை. அறுந்த உருகிக்குப் பதிலாக அதே நிறத்தைப் போடுங்கள். அதுவும் அறுந்தால் மூன்றாவதைப் போடாதீர்கள். கதவுகளை மூடி, உருகியின் இடத்தில் 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றை இணையுங்கள். அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் குறுஞ்சுற்று இன்னும் இருக்கிறது. வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டு போங்கள். எங்கே அசைக்கும்போது பல்ப் மங்குகிறதோ அங்கேதான் வயர் தோலுரிந்து பொடியில் தொடுகிறது. பின்கதவு திறந்து மூடும் இடத்து றப்பர்க் குழாயை முதலில் பாருங்கள்."

இதில் 'அறுந்த' வரும் இடங்களில் 'எரிந்த' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். சோதனை விளக்கு எரிவதும் உருகி எரிவதும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும். வாசிக்கும் பிள்ளை எது நல்லது, எது பழுது என்று தடுமாறிப் போகும்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். பல ஜப்பான் கார்களில் கதவு ஆளி விளக்குக்குப் பின்னால், ஏர்த் பக்கம் (மின்சாரம் பொடி வழியாகத் திரும்பும் பக்கம்) இருக்கிறது. விளக்கிலிருந்து ஆளிக்குப் போகும் வயர் பொடியில் தொட்டால் உருகி அறாது, விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கடற்காற்றில் கறல் பிடித்த கதவு ஆளியைக் கையேட்டின் இந்தப் பக்கத்தில் சேர்க்காமல் தனியாக வைக்கச் சொல்வது அதனால்தான்.

மறுப்பு இருப்பவர்கள் வரும் வெள்ளிக்கு முன் எழுதுங்கள். அப்புறம் 'ஏர்த்'துக்கு என்ன சொல் என்பதை எடுப்போம். காரில் அது நிலத்தைத் தொடுவதே இல்லை, ஆகவே 'புவித்தொடுப்பு' அங்கே சரிவராது என்பது என் எண்ணம்.