தலையை நேராக வைப்பதா, இடப்பக்கம் சாய்வதா? 14 வயதுப் பிட்சருக்கு இரண்டு பயிற்சியாளர்கள் சொல்லும் இரண்டு முறைகள்

வெள்ளைப்பந்து (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயது ஆகிறது, வலக்கையால் எறிபவன், இரண்டு ஆண்டுகளாகப் பேஸ்பாலில் பிட்சராக, அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவனாக, இருக்கிறான். நான் கிரிக்கெட் மட்டுமே ஆடி வளர்ந்தவன் என்பதால், முழங்கையை மடக்கி எறிகிற இந்த வித்தையில் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது.

காலைத் தூக்கும் நொடியிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை தலை நடுவிலேயே இருக்க வேண்டும், முதுகுத்தண்டு பக்கவாட்டில் சாயவே கூடாது என்கிறார் அவனுடைய அணிப் பயிற்சியாளர். விடுமுறை முகாமில் சொல்லிக்கொடுத்தவரோ, உடலை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துக் கையை உச்சியிலிருந்து கொண்டு வந்தால்தான் வேகம் கிடைக்கும் என்கிறார். முன்னவர் பின்காலை அதிகம் மடக்காமல் நிமிர்ந்தபடி முன்னே விழச் சொல்கிறார். பின்னவர் தாழ்ந்து, பின்காலால் உந்தச் சொல்கிறார். பையன் இருவர் மனமும் நோகாதபடி இரண்டையும் கலந்து எறிகிறான்.

கடந்த இரண்டு மாதங்களாக அவனுடைய ஃபாஸ்ட்பால் (முழு வேகத்தில் எறியும் பந்து) பத்தில் நான்கு முறையாவது மேலெழுந்து, அவனுக்கு வலப்பக்கமாக விலகிப் போகிறது. மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் எழுந்து நின்று எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 40 பந்துகளுக்குப் பிறகு முழங்கையின் உள்பக்கம் இலேசாக வலிப்பதாகவும் சொல்கிறான். மறுநாள் காலையில் சரியாகிவிடுகிறது. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

இடக்கை:

ஐயா, கல்லூரிக்காலம்வரை பிட்சராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். "கையை உயர்த்து" என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. மேலிருந்து எறிபவர், பக்கவாட்டில் எறிபவர் யாராக இருந்தாலும், பந்தை விடும் நொடியில் மேற்கைக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான கோணம் சுமார் 90 பாகையிலேயே இருக்கிறது. கை உச்சியிலிருந்து வருவதுபோல் தெரிவதற்குக் காரணம் உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதுதான். முதுகுத்தண்டு செங்குத்தாகவே நின்றால் கை ஏறக்குறைய பக்கவாட்டில்தான் வரும். ஆகவே, சாயவே கூடாது என்று சொல்பவரின் மாணவர்களும் சற்றே சாய்ந்துதான் எறிகிறார்கள். அவருடைய கண்ணுக்கு அது சாய்வாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் கருத்தில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சாய்வு எப்போது தொடங்குகிறது என்பது. முன்கால் மண்ணில் ஊன்றிய பிறகு, இடுப்பு முதலில் திரும்பி, தோள்கள் அதைத் தொடர்ந்து சுழலும்போது வருகிற சாய்வு இயல்பானது. கால் ஊன்றுவதற்கு முன்பே தலை இடப்பக்கம் போய்விட்டால் தோளும் முன்கூட்டியே மட்டையாளர் பக்கம் திரும்பித் திறந்துவிடும், கை பின்தங்கும், பந்து உயரமாகவும் வலப்பக்கமாகவும் போகும். நீங்கள் விவரிக்கும் குறை அப்படியே இதை ஒத்திருக்கிறது.

தாழ்வதா, நிமிர்வதா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பிட்சர்கள் இருவரைப் பாருங்கள். டாம் சீவர் தாழ்ந்து உந்தியதில் அவருடைய வலமுழங்கால் மண்ணில் உரசி, கால்சட்டையில் கறை படியும். நோலன் ரயன் இடமுழங்காலை மார்புவரை தூக்கினாலும் அந்த அளவுக்குத் தாழ்ந்தவர் அல்லர். 1969இல் அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்ற நியூயார்க் மெட்ஸ் அணியில் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். பிற்காலத்தில் ரயன் 324, சீவர் 311 வெற்றிகளை எட்டினார்கள்.

கைப்பேசியில் வினாடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதியும் மெதுவியக்கத்தில், பக்கவாட்டிலிருந்து ஒன்றும் பின்னாலிருந்து ஒன்றுமாகக் காணொளி எடுத்துப் பாருங்கள்.

இயன்முறை:

காணொளி பிறகு ஆகட்டும். 14 வயதில் முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்றால் முதலில் எறிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த வயதில் அங்கே வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, இன்னும் முழுமையாக எலும்போடு இணைந்திருக்காது. தசைநாரைவிட அந்தத் தட்டே முதலில் பாதிக்கப்படக்கூடிய இடம். காலையில் வலி இல்லை என்பதை நலமாகிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் 2014இல் வெளியான பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, 13, 14 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் 4 நாள் ஓய்வு வேண்டும். ஒரே வார இறுதியில் அணிக்கும் முகாமுக்கும் எறிந்ததை நீங்கள் கூட்டிப் பார்த்தீர்களா? இரண்டு பயிற்சியாளர்களும் தத்தம் கணக்கை மட்டுமே வைத்திருப்பார்கள்.

இடக்கை நண்பர் சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். நேரம் முக்கியம்தான், ஆனால் சாய்வின் அளவும் முக்கியம். எதிர்ப்பக்கம் அதிகமாகச் சாய்பவர்களுக்குப் பந்தின் வேகம் கூடும் போக்கு இருப்பதைப் போலவே, முழங்கையின் மீது விழும் முறுக்குவிசை கூடும் போக்கும் ஆய்வுகளில் தெரிகிறது. வேகம் அங்கே இருக்கிறது என்ற முகாம் பயிற்சியாளரின் பேச்சு பொய்யல்ல. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை அவர் சொல்லவில்லை. நீங்கள் கிரிக்கெட் ஆடியவர் என்பதால் ஓர் ஒப்பீடு: பந்தை விடும்போது பக்கவாட்டில் மிகுதியாக வளைகிற வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே இடம் வேறு, கணக்கு ஏறத்தாழ அதுவே.

அழகான உடலசைவு இருந்தால் காயம் வராது என்றும் நம்ப வேண்டாம். மார்க் பிரயர் என்ற அமெரிக்கப் பிட்சரின் அசைவைக் குறையற்றது என்று கொண்டாடினார்கள். 2003இல் 18 ஆட்டங்களை வென்ற அவர், 2006க்குப் பிறகு அங்கே உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக் ஆட்டம் எதிலும் எறியவில்லை.

வெள்ளைப்பந்து:

இருவருக்கும் நன்றி. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு பிரியவில்லை, வளர்ச்சித் தட்டில் உறுத்தல் ஏற்பட்டிருக்கிறது, ஆறு வாரம் எறியக் கூடாது என்றார். கணக்கையும் கூட்டினேன்: ஒரு சனிக்கிழமை காலையில் அணிக்கு 58, அன்று மாலையே முகாமில் 50. எனக்கே வெட்கமாக இருந்தது.

சென்ற மாதம் எடுத்திருந்த காணொளி ஒன்றைச் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். முன்கால் மண்ணைத் தொடுவதற்கு முன்பே தொப்பியின் முனை இடப்பக்கம் போய்விட்டிருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: பின்காலின் கணுக்காலிலிருந்து மட்டையாளர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டுக்கு ஒரு கோடு இழுத்தால், அவனுடைய முன்கால் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் வலப்பக்கமாக ஊன்றுகிறது.

இடக்கை:

அந்த ஒரு சாணில்தான் சிக்கல் இருக்கிறது. கால் குறுக்கே ஊன்றினால் இடுப்பு முழுமையாகத் திறக்க இடம் இல்லை. தன் உடலையே சுற்றிக்கொண்டு கை வர வேண்டும் என்பதால், வழிவிடுவதற்காகத் தலை இடப்பக்கம் விலகுகிறது. அணிப் பயிற்சியாளர் தலையைக் குறை சொல்கிறார். பையனும் தலையைத் திருத்தப் பார்க்கிறான். ஆனால் குறை காலில் இருக்கிறது. காலைத் தூக்கும்போது உடல் எடை பின்காலின் விரல்களுக்குப் போகிறதா என்று பாருங்கள். எடை விரல்களில் இருந்தால் உடல் நேராகப் போகாமல் வலப்பக்கம்தான் போகும்; பாதத்தின் நடுவிலும் குதிகாலிலும் எடை இருக்க வேண்டும். ஓய்வு நாட்களில் பந்து இல்லாமல், கையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு பழகலாம்.

இயன்முறை:

துண்டு வேண்டாம். துண்டை வீசினாலும் கை அதே பாதையில் வேகமாகத்தான் சுழலும். மருத்துவர் அனுமதிக்கும்வரை கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி ஊன்றுவதை மட்டும் பழகட்டும்.

இடக்கை:

சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

வெள்ளைப்பந்து:

பத்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஓய்வு நாட்களில் மண்ணில் ஒரு கோடு கீறி, கைகளைக் கட்டிக்கொண்டு தினமும் 30 முறை காலை ஊன்றிப் பழகினான். காலணித் தடத்தை அவனே அளந்து பார்ப்பான். இப்போது கோட்டிலிருந்து இரண்டு விரற்கடைக்குள் ஊன்றுகிறான். மருத்துவர் வகுத்த படிநிலைகளின்படி எறியத் தொடங்கி நான்கு வாரம் ஆகிறது, வலி இல்லை. பின்னாலிருந்து எடுத்த புதிய காணொளியில், கால் ஊன்றும்வரை தொப்பி நடுவிலேயே இருக்கிறது. அதன் பிறகு சாய்கிறான், முன்பைவிடக் குறைவாக. உயரமாகப் போகும் பந்துகள் முழுவதும் நின்றுவிடவில்லை என்றாலும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

அணிப் பயிற்சியாளரிடம் காணொளியைக் காட்டினேன். சாய்வு இன்னும் இருக்கிறதே என்றார். கால் ஊன்றிய சட்டத்தில் நிறுத்திக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் பார்த்தார். முகாமை இந்த ஆண்டுக்கு நிறுத்திவிட்டோம். எத்தனை பந்துகள் எறிகிறான் என்பதை நானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். தாழ்வதா, நிமிர்வதா என்பது மட்டும் தீரவில்லை. இப்போதைக்கு அவன் நிமிர்ந்தே எறிகிறான், கால்சட்டையில் மண் இல்லை.