முதல் தடவை போன நூலகர் மாநாடு: இன்னும் மனதில் நிற்பது எது?

கெடிலக்கரை:
புதுச்சேரி மாநாட்டுக்கு முதல் தடவையாகப் போயிருந்தேன். பதிவு, பை, குத்துவிளக்கு எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். என்னை இன்னும் அறுப்பது தேநீர் இடைவேளை. பக்கத்தில் நின்ற பேராசிரியர் ஒருவர் சிரித்தபடி பேச வந்தார். அவர் பார்வை என் கழுத்து அட்டைக்கு இறங்கியது. ‘ஊர்ப்புற நூலகர்’ என்று படித்ததும், “ஓ, சரி சரி” என்றவர் எனக்குப் பின்னால் நின்ற யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டார். கையிலிருந்த டீ இறங்கவில்லை.

அன்று முழுக்க நூலகக் கணினிமயம் பற்றிய பேச்சுதான்: கோஹா, டிஸ்பேஸ் என்ற மென்பொருள்கள், புத்தகத்தில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி மின்னணு வில்லை. தேவையானவைதான். ஆனால் பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் வீசிவிட்டு, படக்கதைக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி ஓர் அமர்வு கிடையாது. ஊரார் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகப் போகிறதே, 1948 பொது நூலகச் சட்டம் வந்தது யாருக்காக?

முத்தியால்பேட்டை வாசகி:
அண்ணே, உங்கள் கோபம் நியாயம். அதற்காக மாநாடே நமக்கில்லை என்று ஆகிவிடாது. நான் முதலில் போனதில் சுவடிப் பாதுகாப்புக்கென்று ஒரு செய்முறை அமர்வு இருந்தது. ஒரு பெரியவர் ஓலை ஒன்றை எடுத்தார். வெறும் ஓலை போலத்தான் இருந்தது, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் கீறல் தெரிந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். வரி வரியாக எழுத்து மேலே வந்தது! கூடம் முழுக்கக் கைதட்டல். “கிரந்தம், யாராவது படிங்க” என்றார். வடமொழியை எழுத நம் பக்கம் வழங்கிய பழைய எழுத்து அது. அத்தனை நூலகர்களில் ஒரு கை எழவில்லை. இதே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கில் சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் கிரந்தம். 2005இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் சேர்ந்தவை. அந்த அமைதிதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

பண்ருட்டிக்காரர்:
தங்கச்சி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. கிரந்தம் படிக்க அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். சுவடி எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் நூலகருக்குப் போதும். என் முதல் மாநாடு கடலூரில். சாப்பாட்டுக்குப் பிறகு என் கட்டுரை, எதிரே பாதிக்கு மேல் காலி நாற்காலி. அவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சும்மா போகாதீர்கள், கட்டுரையோடு போங்கள். பெரிய ஆய்வு வேண்டாம். உங்கள் ஊரில் எந்தப் புத்தகம் கிழியக் கிழியப் போகிறது, எது ஏன் தூசியில் கிடக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினாலே அங்கே வருகிற பாதிக் கட்டுரைகளை விட மேல். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்று 1931லேயே எழுதிய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பக்கத்துச் சீர்காழிக்காரர்தான். பணம் கட்டினால் ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான சர்வதேச எண்) போட்டுக் கட்டுரையை அச்சிடுகிறோம் என்பவர்களிடம் சிக்காதீர்கள். மாநாட்டுக்குப் போக அனுமதி கேட்டு மாவட்ட நூலக அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வருகைச் சான்றிதழை அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள், தபாலில் வரும் என்று நம்பாதீர்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் உட்காரக் கூடாது, மைக் அங்கே வராது.

கெடிலக்கரை:
நான் வழி கேட்கவில்லை ஐயா, நடந்ததைச் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு பக்கத்தை எழுதப்போகிறேன். படக்கதைப் பிள்ளைகளைப் பற்றித்தான்.