புதுப்பிப்பு: குமுளிக்குத் திரும்பி வந்தது எதற்கு?

சென்னையில் கணக்கர் வேலை போய், கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கே திரும்பிவிட்டேன், ஆண்டவர் எதற்கு இப்படி நடத்துகிறார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது.

இப்போது மாலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கு பி.எஃப். படிவம் நிரப்பித் தருகிறேன். நேற்று ஓர் அக்கா, நகக்கண்ணில் ஈரமண்ணோடு ஒரு மலையாளக் கடிதத்தை நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு தம்பி?"

வாசித்துத் தமிழில் சொன்னேன். பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த மலையாளம்! அதையும் ஆண்டவர்தான் அன்றே விதைத்திருக்கிறார்.

மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-இல் அணைகட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. தேக்கடியில் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் என் பாதைதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், சென்னையிலிருந்து மறுபடி அழைத்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜெபித்த எல்லோருக்கும் நன்றி.