ஜெர்பில் மூக்கில் சிவந்த பொருக்கு: வழி சொல்லுங்கள்

வணக்கம். மங்கோலிய ஜெர்பில் (எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) வளர்த்துப் பழகியவர்களின் உதவி வேண்டும். 14 மாத ஆண், 78 கிராம். ஒரு வாரமாக மூக்கைச் சுற்றி முடி கொட்டிச் சிவந்த பொருக்கு கட்டுகிறது. தும்மல் இல்லை, தீனி நன்றாக எடுக்கிறது.

பொருக்கு ரத்தமல்ல. புற ஊதா விளக்கில் இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டீரியன் சுரப்பியில் ஊறும் போர்ஃபைரின் என்ற சிவப்பு நிறமிதான். மூக்கு வழியே வடியும் அதை ஜெர்பில் எச்சிலோடு குழைத்து ரோமத்தில் பூசும், பிறகு மணலில் புரண்டு உதறும். உதறாமல் தேங்கினால் தோல் புண்ணாகும். அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ஏறிக்கொள்ளும்.

என் சந்தேகம் ஈரப்பதத்தின் மேல்தான். தொட்டிக்குள் 64%. 50-ஐத் தாண்டினாலே ரோமம் பிசுபிசுக்கும் பாலைவனப் பிராணி இது, பாவம். மணல் தட்டு வாரம் இருமுறைதான் வைக்கப்பட்டது, இப்போது தினமும். கண்ணாடித் தொட்டி என்பதால் கம்பியில் உரசிய காயமாக இருக்க முடியாது.

தொட்டியின் அடியில் பரப்பிய காகித நார் 25 செ.மீ. ஆழம். குறைக்க மனமில்லை, வளை தோண்ட முடியாவிட்டால் மூலையையே சுரண்டிக்கொண்டிருக்கும். அடியில் தங்கும் ஈரத்தை மட்டும் எப்படிப் போக்குவது? சிலிக்கா ஜெல்லை மூடிக்கு வெளியே வைத்தால் பலன் உண்டா?

கூட இருக்கும் சகோதரனைப் பிரித்தால் வாசனை மறந்து, திரும்பச் சேர்க்கும்போது கடித்துக் குதறிக்கொள்ளும். பிரிக்காமல் களிம்பு போட்டவர்கள், அது நக்காமல் எப்படிச் சமாளித்தீர்கள்? நாளை மருத்துவரிடம் போகிறோம். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெர்பிலுக்கு நஞ்சு என்பதால், பாதுகாப்பாக வேலை செய்த மருந்து எதுவென்றும் சொல்லுங்கள்.