லண்டனில இருந்து வந்த ஸ்பெக்ட்ரமும் விரி-220 ரெர்மினலும்: வாசிகசாலையில ஓடவைக்க என்ன செய்யவேணும்?

கொக்குவில்வாசி:

எங்கட சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு லண்டனில இருக்கிற ஊராக்கள் ரண்டு சாமான் அனுப்பியிருக்கினம். ஒண்டு சின்கிளெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே, ரிவியில கொழுவிற 1980களின்ர வீட்டுக் கம்பியூட்டர், றப்பர் விசை வச்சது. மற்றது டெக் கம்பனியின்ர விரி-220 ரெர்மினல், வேற கம்பியூட்டரோட கொழுவிற எழுத்துத் திரை, கீபோட்டோட. ஸ்பெக்ட்ரத்தின்ர அடப்டர் வரேல்லை. விளையாட்டுகள் பதிஞ்ச கசற்றுகள் இருக்கு, றெக்கோடர் இல்லை. ரண்டுக்கும் இன்னும் கரன்ட் குடுக்கேல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கிற எண்ணம் இல்லை, பொடியள் இருந்து தட்டிப் பாக்கவேணும். ஸ்பெக்ட்ரத்துக்கு எந்த அடப்டர்? இப்பத்தைய ரிவியில படம் வருமோ? றெக்கோடர் இல்லாமல் விளையாட்டு ஏத்தலாமோ? ரெர்மினலை ராஸ்பெரி பை எண்ட சின்னக் கம்பியூட்டரோட கொழுவ என்ன வயர் வேணும், ஒரு மெசினில கனபேர் இருந்து வேலை செய்த அந்தக் காலத்து முறையைக் காட்டலாமோ? தமிழ் எழுத்தும் வந்தால் பெரிய புண்ணியம்.

சுன்னாகம்_சோல்டர்:

கரன்ட் குடுக்காமல் வச்சது மெத்தச் சரி.

ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ற் டிசி, 1.4 அம்பியர். இதில ஒரு பொறி இருக்கு: பிளக்கின்ர நடு ஓட்டைதான் நெகற்றிவ், வெளிப்பக்கம் பொசிற்றிவ். கடையில வாங்கிற ரவுட்டர் அடப்டர் எல்லாம் இதுக்கு மறுவளம். அப்பிடியே குத்தினால் உள்ளுக்க மின்னழுத்தம் மாத்திற பகுதி போயிடும். 9 வோல்ற் 2 அம்பியர் சுவிச்சிங் அடப்டர் ஒண்டு வாங்கி, வயரை வெட்டி மாத்திச் சோல்டர் பண்ணி, மல்ரிமீற்றரால முனையைப் பாத்த பிறகு கொழுவுங்கோ. ஆரும் பழைய ஒறிஜினல் அடப்டர் தந்தால், கொழுவாமல் அளக்கேக்க 12, 13 வோல்ற் காட்டும். அது பழுதில்லை, ரெகுலேற்றர் இல்லாத சாமான் அப்பிடித்தான்.

ஸ்பெக்ட்ரத்தில சுவிச் இல்லை. முதலில அடப்டரைக் குத்தி, பிறகு சுவர்ச் சுவிச்சைப் போடுங்கோ.

முதல் முறை மூடியைக் கழட்டி வச்சுக்கொண்டுதான் போடவேணும். கழட்டேக்க கீபோட்டில இருந்து வாற ரண்டு பிளாஸ்ரிக் நாடாவும் நொருங்கும், நேராய் மேல இழுங்கோ. நொருங்கினாலும் புது மெம்பிறேன் இப்பவும் செய்து விக்கினம். கீழ் 16கே நினைவகம் எட்டு 4116 சிப். அதுக்கு மூண்டு விதமான வோல்ற் வேணும்: கால் 1 இல மைனஸ் 5, கால் 8 இல பிளஸ் 12, கால் 9 இல பிளஸ் 5. நிலம் கால் 16. மைனஸ் 5 வரேல்லை எண்டால் அந்தக் கணமே நிப்பாட்டுங்கோ. அது இல்லாமல் மற்ற ரண்டும் ஓடினால் 4116 ஒவ்வொண்டாய்ச் சாகும். அப்ப பாக்கவேண்டியது கொயில் பக்கத்தில இருக்கிற ரிஆர்4 (இசட்ரிஎக்ஸ்650), ரிஆர்5 (இசட்ரிஎக்ஸ்213) எண்ட ரண்டு ட்ரான்சிஸ்டரும். ரிஆர்4 மட்டும் எரிஞ்சிருந்தால் அதை மாத்தினதோட விசயம் முடியாது. கன தரம் ஏதோ ஒரு 4116 ஷோட் ஆனதாலதான் அது எரியும். புதுசும் எரிஞ்சுபோகும்.

எல்லாம் சரியெண்டால் கறுப்புத் திரை ஒருக்கா வந்து போய், வெள்ளையில கீழ் வரியில 1982 சின்கிளெயர் எண்டு நிக்கும். நிறச் சதுரமும் கோடுமாய் உறைஞ்சு நிண்டால் பெரும்பாலும் நினைவகம்தான்.

எங்கட சித்திரை வெயிலுக்கு உள்ளுக்க இருக்கிற 7805 ரெகுலேற்றர் நல்லாய்ச் சுடும். அதே மூண்டு காலில பொருந்திற சுவிச்சிங் ரெகுலேற்றர் (1 அம்பியருக்குக் குறையாமல்) போட்டால் பெட்டி குளிர்ந்துபோகும். நாள் முழுக்க ஓடுற இடத்துக்கு இதை நான் கட்டாயம் எண்டுதான் சொல்லுவன். பின்னுக்கு இருக்கிற போட் விளிம்பை ஒரு மூடியால அடைச்சுவிடுங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்க ஒரு பொடியன் ஆணியை விட்டால் 12 வோல்ற் எங்கேயோ போய் நிக்கும்.

கொக்குவில்வாசி:

நன்றி அண்ணை. ரிவி விசயம்?

சுன்னாகம்_சோல்டர்:

அனலொக் ரியூனர் உள்ள ரிவியெண்டால் யூஎச்எப் 36ஆம் சனலில தேடுங்கோ. பிரித்தானிய பால்-ஐ, எங்கட பால்-பி/ஜி எண்ட ரிவி முறை ரண்டுக்கும் நிறம் ஒண்டுதான். வித்தியாசம் சத்தத்தில: அவைக்கு 6 மெகாஹேர்ட்ஸ், எங்களுக்கு 5.5. ஸ்பெக்ட்ரம் 48கே சத்தத்தை ரிவிக்கு அனுப்பிறதே இல்லை, உள்ளுக்க இருக்கிற குட்டி ஸ்பீக்கரிலதான் கீச்சிடும். அதனால உங்களுக்குப் பிரச்சினை இல்லை. லண்டனில இருந்து கொமடோர் 64 கொண்டுவாற ஆக்களுக்குத்தான் ஆன்ரெனா வழியாய்ப் படம் வந்தும் சத்தம் இரைச்சலாய்க் கேக்கும்.

படம் துப்புரவாய் வேணுமெண்டால் மொடுலேற்றரை (படத்தை ரிவிச் சனலாய் மாத்திற தகரப் பெட்டி) தாண்டுங்கோ. அந்தத் தகரப் பெட்டிக்குப் போற ரண்டு வயரில ஒண்டு 5 வோல்ற், மற்றது வீடியோ. ரண்டையும் கழட்டி, 5 வோல்ற் வயர் நுனியை ரேப் சுத்தி ஒதுக்கி, வீடியோவை 100 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒண்டுக்குள்ளால (பொசிற்றிவ் போட் பக்கம்) மஞ்சள் ஆர்சிஏ சொக்கெற்றின்ர நடுவுக்குக் குடுங்கோ. பழையபடி திருப்பவும் ஏலும். சில எல்சிடி ரிவி ஒரு பிரேமுக்கு 312 கோடு எண்டதை ஒத்துக்கொள்ளாமல் நிறத்தை விட்டிடும். பழைய குழாய் ரிவி எங்கையாவது கிடந்தால் அதுதான் திறம்.

விளையாட்டுக்கு ரேப் வேண்டாம், போன் போதும். ரேப் கோப்பை 44100 ஹேர்ட்ஸ் வேவ் ஆக மாத்துங்கோ. எம்பி3 வேண்டாம், அலையின்ர விளிம்பு மழுங்கிப்போகும். போன் பிளைற் மோட்டில, ஈக்குவலைசர் நிப்பாட்டி, சத்தம் முழுசாய். ஜே விசையைத் தட்டினால் "லோட்" எண்ட சொல் முழுசாய் வரும், பிறகு சிம்பல் ஷிப்ற்றோட பி ரண்டு தரம், என்ரர். ஓரத்தில சிவப்பும் நீலப்பச்சையும் அகலக் கோடாய் ஓடவேணும், பிறகு நீலமும் மஞ்சளும் மெல்லிசாய். முதல் கோடே வரேல்லையெண்டால் சத்தம் காணாது. பாதியில "ஆர் ரேப் லோடிங் எறர்" வந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பாருங்கோ. முழு 48கே ஏற நாலஞ்சு நிமிசம். போனின்ர வலு காணாதெண்டு சின்ன அம்பிளிபயர் போட் போடுற ஆக்கள் கவனம்: அதுகளில கனக்கப் பிரிட்ஜ் வகை, ஸ்பீக்கர் வயரில ஒண்டை நிலத்தோட சேர்த்தால் புகைதான்.

பருத்தித்துறை_வலையன்:

ரெர்மினல் பற்றி நான் எழுதுகிறேன். விரி-220 (1983) தனியே ஒரு கணினி அல்ல. வரும் எழுத்தைத் திரையில் இடும், தட்டும் எழுத்தை அனுப்பும், அவ்வளவே. பின்புறத்து வோல்ற் சுவிச் 230இல் உள்ளதா என்று முதலில் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். படக்குழாயின் உயர் அழுத்தம் பிளக்கைக் கழற்றிய பின்னும் நிற்கும்.

ராஸ்பெரி பையின் ஊசிகளில் நேரடியாக இணைத்தால் பை போய்விடும்: அது 3.3 வோல்ற், ரெர்மினலின் சீரியல் இணைப்பான ஆர்எஸ்-232 பிளஸ், மைனஸ் இரு பக்கமும் ஆடும். ஆர்எஸ்-232 மட்டத்திலான யூஎஸ்பி சீரியல் வயர் வாங்குங்கள். வயர் கட்டும்போது பலர் தடுமாறும் இடம் இது: 9 கால் பிளக்கிலிருந்து 25 கால் பிளக்குக்கு, இரண்டும் ஒரே வகைக் கருவி என்பதால், 2ஐ 2க்கும் 3ஐ 3க்கும் 5ஐ 7க்கும் கொடுக்க வேண்டும். 9 காலில் 2 பெறுவது, 25 காலில் 2 அனுப்புவது. குறுக்கு மாற்றம் எண்ணிலேயே நடந்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் மோடம் வயர் 2ஐ 3க்குக் கொடுக்கும், அது இங்கே உதவாது.

எப்3 அழுத்தினால் அமைப்புத் திரை வரும். வேகம் 9600, 8 பிற், பரிற்றி இல்லை, எக்ஸ்ஓன்/எக்ஸ்ஓப் ("பொறு", "அனுப்பு" என்று சொல்லும் முறை) இயங்குநிலை. கடைசியதை விட்டால் வேகமாக உருளும்போது எழுத்துகள் தொலையும். பையில், உள்நுழைவைக் கேட்கும் சீரியல் கெற்றி சேவையை அந்த யூஎஸ்பி வாயிலுக்கு இயக்குங்கள். அதன் இயல்பு வேகம் 115200, விரி-220இன் உச்சமோ 19200. அதனால் 9600 என்றும் ரெர்மினல் வகை விரி220 என்றும் மாற்றி எழுதாவிட்டால் குப்பைதான் தெரியும். மொழியமைப்பில் யூரிஎப்-8 எழுத்துக் குறியீட்டையும் நீக்குங்கள்.

சிறுவர்கள் வந்தால் தினமும் வரப்போகும் முறைப்பாடு "திரை உறைந்துவிட்டது" என்பது. எப்1, திரையைப் பிடித்துவைக்கும் விசை. விளக்கு எரிந்தால் மறுபடி அழுத்துங்கள். எஸ்கேப் விசையைத் தேடுபவர்களுக்கு: கொன்ரோலுடன் இடப்பக்கச் சதுர அடைப்பு.

பலர் ஒரே இயந்திரத்தில் வேலைசெய்வதைக் காட்ட இரண்டு மூன்று பழைய லப்ரொப்களில் ரெர்மினல் மென்பொருள் போட்டு, அதே பையில் தனித்தனி யூஎஸ்பி சீரியலால் இணைக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர். யார் உள்ளே என்று பார்க்க "ஹூ", மற்றவர் திரைக்கு எழுத "றைட்" என்ற கட்டளைகள். மலிவு வயர்களுக்குத் தொடர் எண் இராது, மீளத் தொடங்கும்போது வாயில்கள் இடம் மாறும். யூஎஸ்பி எந்தத் துளை என்பதை வைத்துப் பெயரிடும் விதி எழுதுங்கள்.

வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள், கூட்ட வேண்டாம். 9600இல் நொடிக்கு 960 எழுத்து. 80க்கு 24 திரை நிறைய இரண்டு நொடி. 300க்கு இறக்கிக் காட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல். பழைய நிரல்கள் ஏன் அவ்வளவு சுருக்கமாகப் பேசின என்பது அப்போது தானாக விளங்கும்.

நல்லூர்_எழுத்தாணி:

தமிழ் ஸ்பெக்ட்ரத்தில வரும். ஒரு எழுத்து 8க்கு 8 புள்ளி. நாங்களாய் வரையிற 21 எழுத்து 65368இல தொடங்குது. அதில இருந்து எட்டு முகவரிக்கு 0, 66, 66, 66, 66, 66, 126, 0 எண்டு போக் (முகவரியில எண்ணைப் போடுற கட்டளை) பண்ணினால் ப. 65376இல 0, 64, 64, 64, 64, 64, 126, 0 போட்டால் ட. 65384இல முதல் எண்ணை மட்டும் 16 ஆக்கி மற்றதை அப்பிடியே விட்டால் ட். பிறகு கப்ஸ் ஷிப்ற்றோட 9 அடிச்சு ஏ, சி, பி எண்டு தட்டினால் "பட்ட" எண்டு நிக்கும். பொடியளுக்குச் சதுரக் கொப்பி குடுத்தால் மிச்சத்தை அவையே வரைவினம்.

முழு நெடுங்கணக்கு வேணுமெண்டால் 96 எழுத்தையும் மாத்தலாம்: இடம் ஒதுக்கக் கிளியர் 63999, எழுத்துருவை 64000இல இருந்து 768 பைற், பிறகு போக்கால 23606க்கு 0, 23607க்கு 249. திரும்பப் பழைய எழுத்துக்கு 23607க்கு 60. உயிர் 12, ஆய்தம், உயிர்மெய் அகரம் 18, உகர ஊகாரம் 36, கால் கொம்பு விசிறி சுழியோட புள்ளி ஏழு: 74. டி, டீ தனி. இலக்கத்துக்கும் இடம் இருக்கும். மேல் வரியை வெறுமையாய் விட்டால் புள்ளியை "ஓவர் 1" போட்டு, ஒரு எழுத்துப் பின்னுக்குப் போய் மேலயே அடிக்கலாம். ண, ஐ, ஞ எட்டுப் புள்ளிக்குள்ள நெருக்குப்படும். ரண்டாம் பாதியை அந்த 21க்குள்ள வையுங்கோ. கொ எண்டால் கண்ணுக்குத் தெரியிற வரிசையில, கொம்பு, க, கால்.

விரி-220க்கும் 94 எழுத்து இறக்கி வைக்கிற இடம் இருக்கு, ஆனால் நிப்பாட்டினால் அழிஞ்சுபோகும். உள்நுழையிற நேரம் பையில இருந்து ஒவ்வொரு தரமும் அனுப்பவேணும்.

பருத்தித்துறை_வலையன்:

ஒன்று விட்டுவிட்டேன்: ரெர்மினலையும் பையையும் லப்ரொப்களையும் ஒரே பிளக் வரிசையில், எர்த் உள்ள சொக்கெற்றில் கொழுவுங்கள். வேறு கட்டடத்துக்கு ஆர்எஸ்-232 வயர் இழுக்க வேண்டாம். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மட்டத்தில் இராது, மின்னல் காலத்தில் முதலில் போவது சீரியல் சிப்தான்.