யூரின் பேக்கோடு வாழும் வீடுகள்: நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள்

மூத்தமகள்:

யூரின் பேக் என்றே எழுதுகிறேன். சிறுநீர்ப்பை என்று எழுதினால் உடம்புக்குள் இருப்பதா, வெளியே தொங்குவதா என்று குழம்பிவிடும்.

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீங்கி ஒரு ராத்திரி சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கதீட்டர் (சிறுநீர் வெளியேற சிறுநீர்ப்பைக்குள் விடும் மெல்லிய டியூப்) போட்டு, அதோடு பேக்கை இணைத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னவர்கள், பேக்கைப் பற்றி "நிறைஞ்சதும் கீழே இருக்கிற குழாயைத் திறந்து விட்டுடுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் வாரத்தில் நான் செய்த இரண்டு தவறுகளை எழுதுகிறேன். ஒன்று, அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது டியூப் காலில் சிக்கிவிடுமே என்று பேக்கை எடுத்து அவர் மடியில் வைத்துவிடுவேன். உட்கார்ந்து முடித்த பிறகுதான் கீழே மாட்டுவேன். பேக்கின் வாயிலேயே ஒரு சின்ன வால்வு இருக்கிறது, உள்ளே போனது திரும்பி வராது என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பினேன். பேக்குக்குள் போனது திரும்பாது, சரி. ஆனால் நீளமான டியூபில் தேங்கி நிற்கிறதே, அதைத் தடுக்க வால்வு கிடையாது. பேக் இடுப்புக்கு மேலே போன அந்த ஒரு நிமிடத்தில் அது அப்படியே உள்ளே திரும்பிப் போகிறது.

இரண்டாவது, தினமும் குளிக்க வைக்கும்போது கதீட்டரிலிருந்து பேக்கைக் கழற்றி, கழுவி, மறுபடி செருகிக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான். ஒன்பதாம் நாள் அப்பாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு ஜுரம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "இணைப்பைக் கழற்றினீர்களா?" என்பதுதான். ஜுரம் அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கிருமிக்கு நாமே கதவைத் திறந்து வைக்கிறோம் என்றார். முன்பெல்லாம் கதீட்டரின் முனையைத் திறந்த பாட்டிலில் விட்டு வைப்பார்களாம், சில நாட்களிலேயே அநேகமாக எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிடுமாம். மூடிய பையோடு சேர்த்து, எங்கும் திறக்காமல் வைத்தால் அது எவ்வளவு தள்ளிப்போகிறது என்று 1966-ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டிய பிறகுதான் இந்த மூடிய பேக் முறை பரவியதாம். அந்த மூடிய பாதையைத்தான் நான் தினமும் காலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இப்போது பரவாயில்லை. இன்னும் சில வாரம் கதீட்டர் இருக்கும். பகலில் நடமாட ஆசைப்படுகிறார், அதற்கு எந்த மாதிரி பேக் வாங்குவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


வார்டு நர்ஸ்:

சகோதரி, உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. டிஸ்சார்ஜ் அவசரத்தில் இது விட்டுப்போவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் வீட்டுக்காரர்களிடம் முதலில் சொல்வது, பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். கட்டில் சட்டத்தில் கொக்கியை மாட்டுங்கள், ஏற்றி இறக்கும் பக்கவாட்டுக் கம்பியில் மாட்டாதீர்கள், கம்பியை உயர்த்தினால் பேக்கும் சேர்ந்து உயர்ந்துவிடும். ஆளை மாற்றும் முன் பேக்கைக் காலி செய்துவிட்டு, முதலில் பேக்கை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்த் தாழ்வாக மாட்டி, டியூபில் போதிய தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஆளை நகர்த்துங்கள். டியூப் வளைந்து வளையமாகத் தொங்கினால் அந்த வளைவில் சிறுநீர் தேங்கி ஓட்டத்தைத் தடுக்கும், அதையும் நேராக்குங்கள்.

முழுசாக நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் காலி செய்யுங்கள். ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த எடை முழுக்க இழுப்பது, கதீட்டர் நழுவாமல் பிடித்திருக்கும் சின்ன பலூன் உள்ளே உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான். அதனால்தான் கதீட்டரைத் தொடையில் ஒரு பிடிப்பு ஒட்டியோ பட்டை கட்டியோ நிறுத்தச் சொல்கிறோம், ஆண்களுக்கு அடிவயிற்றிலும் ஒட்டலாம். பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பிடிப்பு இல்லையென்றால் ஒவ்வொரு அசைவும் உள்ளே உரசும். புண்ணும் ரத்தமும் வரும்.

காலி செய்யும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள், நடுவில் கையுறை. அதற்கென்றே தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கின் குழாய் முனை அந்தப் பாத்திரத்தின் விளிம்பில் படக்கூடாது. மூடிய பிறகு முனையை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துவிடுங்கள். கதீட்டர் உடம்புக்குள் போகும் இடத்துக்கு தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் மாதிரி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டுதல், கதீட்டரையோ பேக்கையோ கணக்கு வைத்து குறிப்பிட்ட நாளில் மாற்றுவதைப் பரிந்துரைக்கவில்லை. தொற்று வந்தால், அடைத்துக்கொண்டால், இணைப்பு கழன்றோ ஒழுகியோ மூடிய பாதை கெட்டுப்போனால் மாற்றச் சொல்கிறது. அது மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் காலில் கட்டும் பேக்கை 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை மாற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் பேக்கின் அட்டையில் என்ன போட்டிருக்கிறது, உங்கள் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். இரண்டும் சொல்லாத விஷயம் ஒன்று: சுத்தம் செய்வதற்காகத் தினமும் கழற்றுவது.

உங்கள் அப்பாவுக்குப் பகலில் அந்தக் காலில் கட்டும் லெக் பேக்கைப் போடுங்கள். ராத்திரி அதைக் கழற்ற வேண்டியதில்லை. லெக் பேக்கின் கீழ்க்குழாயில் 2 லிட்டர் நைட் பேக்கின் டியூபைச் செருகி, கால் பட்டையைத் தளர்த்தி, லெக் பேக்கின் குழாயைத் திறந்து விட்டால் சிறுநீர் அதன் வழியாக நைட் பேக்குக்குப் போய்விடும். காலையில் முதலில் லெக் பேக்கின் குழாயை மூடிவிட்டு, பிறகு நைட் பேக்கை மட்டும் எடுக்கிறீர்கள். மேலே கதீட்டர் சேரும் இடத்தை யாரும் தொடவே இல்லை பாருங்கள்.

இன்னொன்று. கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகும், ஒரு மாதம் ஆனால் பெரும்பாலும் எல்லோருக்கும் இருக்கும். ஆகவே சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஜுரம், நடுக்கம், அடிவயிற்று வலி, முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம், இவை வந்தால் தாமதிக்க வேண்டாம். பரிசோதனைக்கு மாதிரி கேட்டால் பேக்கிலிருந்து பிடித்துக் கொடுக்காதீர்கள், பேக்கில் மணிக்கணக்காகக் கிடந்தது வேறு கதை சொல்லும். டியூபில் அதற்கென்று ஒரு துளை இருக்கும், அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.


சக்கரநாற்காலி:

எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு 11 வருடம் ஆகிறது. லெக் பேக் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

350, 500, 750 மிலி என்று அளவுகள் உண்டு. பெரியதாக வாங்கினால் அடிக்கடி காலி செய்ய வேண்டாமே என்று ஆரம்பத்தில் 750 வாங்கினேன். அது நிறையும்போது பட்டை வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கி கதீட்டரை இழுக்கும், வெளியே பார்த்தாலும் புடைத்துத் தெரியும். இப்போது 500தான். நடமாடுபவராக இருந்தால் உங்கள் அப்பாவுக்கும் 500 போதும் என்று நினைக்கிறேன், கூடவே டியூப் நீளத்தைப் பாருங்கள். தொடையில் கட்டுவதற்குக் குட்டை டியூப், கெண்டைக்காலில் கட்டுவதற்கு நீள டியூப். பேன்ட் போடுபவருக்குக் கெண்டைக்கால் வசதி, குனியாமல் கால் பக்கத்தைத் தூக்கினாலே குழாய் கையில் கிடைக்கும். வாங்கும் முன் நின்று, உட்கார்ந்து, முழங்காலை மடக்கிப் பார்த்து அளவெடுங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் டியூப் உட்காரும்போது மடிந்துபோகும். பேக்கின் பின்பக்கம் துணி ஒட்டியதாக இருந்தால் வியர்வையில் தோலோடு ஒட்டாது, வெறும் பிளாஸ்டிக் என்றால் எனக்குக் கொப்புளம் வந்துவிடும்.

பட்டையை இறுக்கமாகக் கட்டாதீர்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் உணர்ச்சி இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது உயிர்போகும் விஷயம், காலில் ரத்த ஓட்டம் நின்றாலும் எங்களுக்குத் தெரியாது. வாரம் ஒரு கால் என்று மாற்றிக்கொள்கிறேன்.

மடிந்த டியூப் என்னை என்ன செய்தது என்று சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சுப் பகுதியின் 6-ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிறைந்து வெளியேற வழியில்லாவிட்டால் ரத்த அழுத்தம் தறிகெட்டு ஏறும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பார்கள். ஒரு நீண்ட கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது தலை வெடிப்பது போல வலி, முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டுகிறது, கண் மங்குகிறது. பக்கத்தில் இருந்த நண்பனிடம் "பேக்கைப் பார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மேல் பட்டைக்கு அடியில் டியூப் நசுங்கிக் கிடந்தது, பேக் காலி. அவன் விடுவித்ததும் சிறுநீர் மளமளவென்று இறங்கியது, சில நிமிடத்தில் தலைவலியும் தணிந்தது. தணியாமல் இருந்திருந்தால் நேராக அவசர சிகிச்சைதான், அதில் பக்கவாதம் வரை போகலாம். அன்றிலிருந்து எங்கே போய் உட்கார்ந்தாலும் முதல் வேலை, கையால் டியூபை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பது.


மருமகள்2:

பேக் ஊதா நிறமாக மாறி யாராவது பார்த்திருக்கிறீர்களா? என் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஒரு காலை போர்வையை விலக்கினால் பேக்கும் டியூபும் கத்தரிப்பூ நிறம். விஷம் ஏறிவிட்டதென்று நினைத்து எனக்குக் கை நடுங்கிவிட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மலச்சிக்கலில் குடலில் தேங்கும் உணவிலிருந்து, ட்ரிப்டோஃபான் என்ற பொருளைக் கிருமிகள் உடைக்கின்றன, அது கல்லீரல் வழியாக மாறி சிறுநீருக்கு வருகிறது, அங்கே இருக்கும் வேறு கிருமிகள் அதை நீலமும் சிவப்பும் ஆக்குகின்றன, இரண்டும் பிளாஸ்டிக்கில் படிந்து ஊதாவாகத் தெரிகிறது. 1978-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்களாம். நிறம் தானாக ஆபத்தில்லை, ஆனால் சிறுநீரில் கிருமி இருக்கிறது, மலச்சிக்கலும் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கதீட்டரையும் பேக்கையும் மாற்றினார்கள், மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தார்கள், நிறம் போய்விட்டது.

அப்புறம்தான் இன்னொன்றும் புரிந்தது. மலச்சிக்கல் இருந்த நாட்களில்தான் கதீட்டரைச் சுற்றி சிறுநீர் கசிந்து படுக்கை நனையும், நான் பேக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நிறைந்த குடல் பக்கத்திலிருந்து அழுத்துவதாலும் ஓட்டம் தடைபடுமாம். இப்போது பேக்கில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் டியூப் மடிந்திருக்கிறதா, பேக் மேலே இருக்கிறதா, பேக் நிறைந்துவிட்டதா, மலம் கழித்து எத்தனை நாள் என்று வரிசையாகப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தும் வராமல், அடிவயிறும் உப்பினால் உடனே நர்ஸைக் கூப்பிடுவேன்.


தனியாள்:

மூட்டுவாதத்தில் விரல் வளைந்தவன் நான், என் பேக்கை நானே பார்த்துக்கொள்கிறேன். பேக் வாங்கும்போது எல்லோரும் கொள்ளளவைப் பார்க்கிறார்கள், நான் முதலில் குழாயைத்தான் பார்ப்பேன். திருகுவது, இழுப்பது, பக்கவாட்டில் தள்ளுவது, நெம்புகோல் மாதிரி கட்டைவிரலால் கீழே அழுத்துவது என்று பல விதம் உண்டு. திருகுவது என்னால் முடியாது, நெம்புகோல் முடியும். உங்கள் அப்பாவின் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு திறந்து மூடச் சொல்லுங்கள். ராத்திரி அரைத்தூக்கத்தில் முடிகிற குழாய்தான் அவருக்கான குழாய். நீங்கள் திறந்து பார்த்து வாங்காதீர்கள்.

பேக்கே வேண்டாம் என்று சிலருக்குக் கதீட்டர் வால்வு போடுவார்கள். மூடி வைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறையில் திறந்து விட்டால் போதும். சிறுநீர்ப்பை தேக்கி வைக்கும் நிலையில் இருக்க வேண்டும், நேரத்துக்குத் திறக்கும் நினைவும் வேண்டும், அதனால் எல்லோருக்கும் ஆகாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.


மூத்தமகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு விதக் குழாய் உள்ள லெக் பேக் வாங்கி வந்து அப்பா கையில் கொடுத்தேன். இழுப்பதை இரண்டு முறை முயன்று வைத்துவிட்டார், நெம்புகோல் உள்ளதை எடுத்துக்கொண்டார். கெண்டைக்காலில் கட்டி, மேலே வேட்டி மறைத்ததும் வாசல்வரை நடந்து போய் நின்றார், பதினைந்து நாளில் முதல் தடவை.

ராத்திரி நர்ஸ் சகோதரி சொன்ன மாதிரி நைட் பேக்கைக் கீழே இணைத்தேன், ஆனால் லெக் பேக்கின் குழாயைத் திறந்து விட மறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அப்பா அடிவயிறு கனக்கிறது என்று எழுப்பினார். இப்போது கட்டில் தலைமாட்டில் "குழாய் திறந்ததா?" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். தொடையில் ஒட்டும் பிடிப்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை துணிப் பட்டை கட்டலாமா, அது நழுவாமல் இருக்க எங்கே கட்டுவது என்று யாராவது சொல்லுங்கள்.