1968-ல் ராபர்ட் கென்னடி சுடப்படாமல் இருந்திருந்தால் நிக்சன் ஜெயித்திருப்பாரா?

கேள்வி:
அமெரிக்க அதிபர் தேர்தல்களில் 'இப்படி நடந்திருந்தால்' என்று யோசிக்க 1968 மாதிரி இன்னொரு ஆண்டு கிடையாது. மார்ச் 31-ல் அப்போதைய அதிபர் ஜான்சன் இனி போட்டியிட மாட்டேன் என்கிறார், ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படுகிறார், ஜூன் 4-ல் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி கலிஃபோர்னியா பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்வதற்கான மாநில அளவுத் தேர்தலில்) ஜெயிக்கிறார், நள்ளிரவுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் நன்றி சொல்லிவிட்டுச் சமையலறை வழியாகப் போகும்போது சுடப்படுகிறார். அவர் வேறு வழியாகப் போயிருந்தார் என்று மட்டும் வைத்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அப்படியே. ஜனநாயகக் கட்சி வேட்பாளராகி, நவம்பரில் குடியரசுக் கட்சியின் நிக்சனைத் தோற்கடித்திருப்பாரா?

பதில் 1:
வேட்பாளராகவே ஆகியிருக்க மாட்டார். அன்றைக்குச் சில மாநிலங்களில்தான் பிரைமரி நடந்தது, மீதி இடங்களில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளைக் கட்சிப் பெரிய தலைகளே முடிவு செய்தார்கள். துணை அதிபர் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்கவில்லை, ஆனாலும் ஜூன் மாதமே பிரதிநிதிகள் கணக்கில் அவர்தான் முன்னால் இருந்தார். கென்னடியோ ஒரு வாரம் முன்புதான் ஓரிகனில் இன்னொரு ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர் மெக்கார்த்தியிடம் தோற்றிருந்தார். சிகாகோ மேயர் டேலி கென்னடி பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் ஜான்சன் இருக்கும்வரை தெற்கு மாநிலப் பிரதிநிதிகள் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பதில் 2:
டேலி சாய்ந்தார், கென்னடி வேட்பாளராகிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு நவம்பருக்கு வருவோம். எனக்கு அதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் எல்லாரும் கென்னடியா நிக்சனா என்று பேசும்போது மூன்றாவது ஆளான, இன ஒதுக்கலை ஆதரித்துத் தனிக் கட்சியில் நின்ற ஜார்ஜ் வாலஸை மறந்துவிடுகிறோம். அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியான தேர்வாளர்கள், ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கே பொதுவாக அதன் தேர்வாளர் வாக்குகள் எல்லாம் போகும். உண்மையில் வந்த தேர்வாளர் வாக்குகள் நிக்சனுக்கு 301, ஹம்ஃப்ரிக்கு 191, வாலஸுக்கு 46. ஜெயிக்க 270 வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு 40 வாக்குகள், அங்கே நிக்சன் சுமார் 3 சதவீதத்தில்தான் தப்பித்தார். கென்னடி அதை எடுத்தால் நிக்சன் 261, யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

ஆனால் டெக்சாஸை மறக்கக் கூடாது. 25 வாக்குகள், ஹம்ஃப்ரி மயிரிழையில் ஜெயித்த மாநிலம். ஜான்சனுக்கும் கென்னடிக்கும் இருந்த பகைக்கு அங்கே கட்சிக்காரர்கள் மனதார வேலை செய்திருக்க மாட்டார்கள், அது நிக்சனுக்குப் போனால் 286, அவரே அதிபர். சரி, அப்புறம் டேலி இல்லினாயின் 26-ஐக் கென்னடிக்குக் கொண்டுவருகிறார் என்றால் நிக்சன் 260, கென்னடி 232, வாலஸ் 46. திரும்பவும் முட்டுக்கட்டை! எப்படிப் புரட்டினாலும் கென்னடி நேராக 270-ஐத் தொடும் வழி எனக்கு அகப்படவில்லை, ஓஹையோ, நியூ ஜெர்சி எல்லாம் சேர்ந்து வந்தால் ஒழிய.

கேள்வி கேட்டவர்:
டெக்சாஸ் பற்றி நான் யோசிக்கவே இல்லை, நன்றி. பெரும்பான்மை இல்லையென்றால் பிரதிநிதிகள் சபைக்குப் போகும் அல்லவா? அங்கே ஜனநாயகக் கட்சிதானே பெரும்பான்மை, கென்னடிக்குச் சுலபம்தானே?

பதில் 3:
சுலபமே இல்லை. அங்கே உறுப்பினருக்கு ஒரு வாக்கு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு வாக்கு, ஜெயிக்க 26 மாநிலம் வேண்டும். வாலஸ் ஜெயித்த அலபாமா, ஆர்கன்சாஸ், ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி ஐந்திலுமே ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள்தான் அதிகம், ஆனால் சொந்த ஊர் வாக்காளரைப் பகைத்துக்கொண்டு கென்னடிக்குக் கை தூக்குவார்களா? வாலஸ் எதிர்பார்த்ததே இந்த நிலைமையைத்தான். தேர்வாளர்கள் டிசம்பரில் கூடுவதற்கு முன்பே தன் தேர்வாளர்களை வைத்துப் பேரம் பேசியிருப்பார், கேட்கும் விலை 1964, 1965 சிவில் உரிமைச் சட்டங்களை அமல்படுத்தாமல் விடுவது. நிக்சன் அதற்கு எந்த அளவு இறங்கியிருப்பார் என்பதுதான் என்னை நிஜமாகக் கவலைப்பட வைக்கும் கேள்வி.

இன்னொன்று. துணை அதிபரைச் செனட் தனியாகத் தேர்ந்தெடுக்கும், அதுவும் முதல் இரண்டு பேரிலிருந்து. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. ஜனவரி 20 வரை சபை முடிவெடுக்காவிட்டால் கென்னடியோடு நின்ற துணை வேட்பாளர், அது யாராக இருந்தாலும், தற்காலிக அதிபர். இதெல்லாம் வெறும் கற்பனை என்று அன்றைக்கே யாரும் நினைக்கவில்லை. தேர்வாளர் முறையையே ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 1969 செப்டம்பரில் 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. 1970-ல் செனட்டில் பேசிப் பேசியே அதை முடக்கிவிட்டார்கள்.